சுவரைப் பார்த்துக் கேட்ட ஆல்பம்

போன மாதம் அனிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்த பெண். கெட்டிக்காரிதான். ஆனால் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அவளுக்கு நான் வேண்டும்.

"மேம், இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருத்தன் வந்திருக்கான். ஏதோ வெளிநாட்டு பேண்டாம், அதக் கேட்டுட்டு உறுமி உறுமிப் பாடுறானாம். தொண்ட போயிடும்னு அவுங்க அம்மா அழுவுறாங்க. நிறுத்தணும்னுதான் புக்குல போட்டிருக்கு. நிறுத்தச் சொல்லிடட்டுமா?"

"திரும்பி உக்காந்து கேட்டியா?"

"இல்ல மேம்."

"மொதல்ல அதச் செய்யி. அப்புறம் பேசலாம்."

வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தோன்றியது, திரும்பி உட்கார்வது என்றால் என்னவென்று இவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சீஃபும் போய்விட்டார், நானும் வந்துவிட்டேன். ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன். இனிமேல் யார் கேட்டாலும் இதைப் படித்துக்கொள்ளட்டும், என் மத்தியானத் தூக்கமாவது மிஞ்சும்.

நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரி. சர்ச் பாடகர் குழுவில் பாடிப் பாடித்தான் குரலின் மேல் ஆசை வந்தது. மைசூருக்குப் போய்ப் படித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. சாம்பாரில் வெல்லம் போடுவார்கள், நான்கு வருடமும் அதைச் சகித்துக்கொண்டேன். பிறகு பல ஊர்களில் வேலை. சுனாமி வந்த வருடம் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். என் உத்தியோகம் ஸ்பீச் தெரபிஸ்ட். திக்குவாய்ப் பிள்ளைகள், பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்கள், கத்திக் கத்தித் தொண்டை கட்டிய வாத்தியார்கள் எல்லாம் என் அறைக்கு வருவார்கள். படித்ததெல்லாம் மைசூரில் என்றாலும் தொழில் கற்றது சிதம்பரத்தில், சீஃபிடம்தான்.

அவருக்குப் பெயர் இருந்தது, யாரும் சொல்வதில்லை. பிரிவின் தலைவர், அதனால் சீஃப். ஒல்லியான மனிதர், ரப்பர் செருப்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் திட்டினால் திட்டு வாங்கியவனுக்கே சாயங்காலம்தான் உறைக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் குரல் கிளினிக். அறையில் நாற்காலிகளையெல்லாம் சுவரைப் பார்த்துப் போட்டிருப்பார். நாங்கள் எல்லோரும், அவர் உட்பட, சுவரைப் பார்த்து உட்காருவோம். நோயாளி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, அன்றைய பேப்பரிலிருந்து நாலு வரி படிப்பார். படிக்கத் தெரியாதவர் வீட்டுக்கதை சொல்வார். முகத்தைப் பார்க்கக் கூடாது, சீட்டைப் பார்க்கக் கூடாது, மூக்கு வழியாக ஸ்கோப் விட்டுப் பார்ப்பது அதற்கப்புறம்தான். முதலில் காது. அவர் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். சத்தம் எங்கேயிருந்து வருது? காத்து ஒழுகுதா? வலிக்குதா?

புதிதாக வந்த டாக்டர் யாராவது "கரகரப்பா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டால் போச்சு.

"முறுக்கப் பத்திக் கேக்கலையே டாக்டர். தொண்டையப் பத்தித்தான் கேட்டேன்."

அவ்வளவுதான் திட்டு. அந்தப் பையன் அப்புறம் ஒரு மாதத்துக்குக் கரகரப்பு என்ற வார்த்தையைத் தொடமாட்டான்.

எனக்கு ஆரம்பத்தில் இந்தச் சுவர் வழக்கம் பிடிக்கவில்லை. தேவையில்லாத நாடகம் என்று நினைத்தேன், ஒருநாள் சொல்லியும் விட்டேன். "முகத்தப் பாத்தா அவுங்க நோவுதான் தெரியும் ரோஸ்லின். கொரலு தெரியாது" என்றார். இரண்டு வருடத்தில் என் காது எனக்கே ஆச்சரியமாக மாறியது. பஸ்ஸில் பின் சீட்டில் பேசுகிறவருக்குக் குரல் நாணில் கொப்புளம் இருக்கிறது என்று திரும்பாமலே சொல்லிவிடுவேன். சொன்னால் அடிக்க வருவார்களே என்று சும்மா இருந்ததுதான் அதிகம்.

அஞ்சலாட்சி எங்களிடம் வந்தது இரண்டாயிரத்து எட்டில், தை மாதம். கடலூர் சோனாங்குப்பத்துக்காரி, துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். விசைப்படகு, போட்டு என்பார்கள், கரைக்கு வந்ததும் கூடைகளை மணலில் கவிழ்ப்பார்கள். சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள். நடுவில் நின்று விலை கூவி, ஏற்றி, முடித்துக் கொடுப்பவர் ஏலம் விடுகிறவர். கூச்சலில், என்ஜின் சத்தத்தில், காக்கைக் கத்தலில் அவர் குரல்தான் மேலே நிற்க வேண்டும். கணவர் சுனாமியில் போன பிறகு அஞ்சலாட்சி இந்தக் குரலை வைத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

முந்தின ஐப்பசியில் ஒரு போட்டைக் கட்டி இழுக்கும்போது வடம் அறுந்து கழுத்தில் அடித்துவிட்டது. புதுச்சேரிக்குத் தூக்கிப்போய், கழுத்தில் துளை போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். துளை ஆறிவிட்டது, மூச்சு நன்றாக இருந்தது. குரல் மட்டும் இல்லை. டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம்தான் வந்தது.

நாங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவர் பின்னாலிருந்து அந்தக் காற்றுச் சத்தத்திலேயே சொன்னார்.

"சித்திரையில மீன்புடி தடக்காலம் வரும்ல, அது முடிஞ்சு போட்டுங்க கடலுக்குப் போற வரைக்கும் ஓனருங்க டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள கொரலு வரலன்னா ஏலம் குமாருக்கு. அவன் மெகாபோன் வச்சிருக்கான்."

"நீங்களும் மெகாபோன் வச்சிக்கலாமே?" என்று கேட்டேன்.

"வச்சிப் பாத்தேம்மா. காத்துப் போற சத்தந்தான் பெருசாக் கேட்டுச்சி. எல்லாஞ் சிரிக்கிறானுவ."

ஸ்கோப்பில் பார்த்தோம். நம் தொண்டையில் இரண்டு குரல் நாண்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்ந்தால்தான் பேச்சு. அஞ்சலாட்சிக்கு இரண்டும் தழும்பாகி விறைத்துக் கிடந்தன. நடுவில் இடைவெளி, சேரவே சேராது. அந்தத் தழும்பில் மறுபடி கத்தி வைத்தால் மூச்சுக்கே ஆபத்து என்று சீஃப் சொல்லிவிட்டார். "பயிற்சிதான். உங்க கையிலதான் இருக்கு" என்று என்னிடம் ஒப்படைத்தார்.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். சுவரைத் தள்ளிக்கொண்டு குரல் கொடுக்கச் சொன்னேன். விழுங்கும்போது பாதியில் நிறுத்திப் பேசச் சொன்னேன். தலையைச் சாய்த்து, முனகி, இருமி, எல்லாம் பார்த்தாயிற்று. ஊஹூம். ஒருநாள் முக்கித் தள்ளும்போது திடீரென்று ஆழத்திலிருந்து ஒரு உறுமல் வந்தது. இருவருமே திடுக்கிட்டோம். உடனே நான், "அது வேணாம்மா, அது தப்பான எடம்" என்று நிறுத்தினேன். குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு. பொய் நாண் என்போம். அது பேசுவதற்கானது அல்ல. சிலர் தொண்டையை இறுக்கி அதில் பேசிப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை எடுத்துவிடுவதுதான் எங்கள் வேலையில் பாதி. மைசூரில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் அந்த ஆல்பம் வந்தது.

எங்களிடம் பி.ஜி. படித்துக்கொண்டிருந்தான் விவேக். பண்ருட்டி முந்திரி வியாபாரியின் மகன். டிபார்ட்மெண்டுக்கே முந்திரி அவன் உபயம். வெள்ளைக் கோட்டுக்குள் எப்போதும் கறுப்பு பனியன், அதில் எலும்புக்கூடு. ஹாஸ்டலில் பார்சலைப் பிரித்துவிடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி விலாசத்துக்கே வரவழைத்திருந்தான். தையல் வெட்டும் கத்தரியால் அதை ஓரம் ஓரமாக வெட்டிப் பிரித்தான். ஆபரேஷன் தியேட்டரில்கூட அவ்வளவு கவனமாக வெட்டி நான் பார்த்ததில்லை.

"என்னடா இது?"

"புது ஆல்பம் மேம்! அஞ்சு வருஷம் கழிச்சுப் போட்டிருக்காங்க!"

இங்கிலாந்தில் ஒரு டெத் மெட்டல் பேண்டாம். பெரிய கம்பெனி எதுவும் கிடையாது, ரேடியோவில் வராது, கடையில் கிடைக்காது. ட்ரம்ஸ் அடிப்பவரே வீட்டில் உட்கார்ந்து உறையில் போட்டு ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவாராம். அட்டையில் ஒரு குழி, அதற்குள் எலும்புகள். மேலே வேலிக்காத்தான் முள்ளை வெட்டிக் குவித்த மாதிரி ஏதோ கிறுக்கியிருந்தது.

"இது என்ன படம்?"

"அது படம் இல்ல மேம், பேண்டு பேரு."

"இத யாருடா படிப்பா?"

"படிக்கத் தெரிஞ்சவன் வாங்குனாப் போதும்னுதான் மேம் அப்படி எழுதுறது."

அவன் படித்துக் காட்டினான். அடுத்த நிமிஷமே மறந்துவிட்டேன், இன்று வரை அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பிறகு கம்ப்யூட்டரில் போட்டான். இயேசுவே! துருப்பிடித்த இரும்பு கேட்டை நூறு பேர் சேர்ந்து இழுத்தால் எப்படி இருக்கும்? அதற்கு நடுவில் ஒரு மனுஷன் உறுமுகிறான். சர்ச்சில் நாற்பது வருடம் ஆல்டோ குரல் பாடிய காது என் காது. "நிறுத்துடா! இப்பிடிக் கத்துனவனெல்லாம் எங்கிட்டதான் வந்து நிக்கணும்" என்றேன்.

"இல்ல மேம், இந்த ஆல்பத்துல ஒரு விசேஷம் இருக்கு. பழசுல எல்லாம் கிடார் சத்தத்துல அவரு கொரலே முங்கிக் கெடக்கும். இதுல கொரல முன்னாடி கொண்டாந்திருக்காங்க. எஃபெக்ட் எதுவும் போடல. மூணாவது பாட்டக் கேளுங்க, நடுவுல எல்லாரும் நிறுத்திடுவாங்க, அவரு மட்டும் தனியா வருவாரு."

"எங்க வேணா வரட்டும், எனக்கு ஓ.பி. இருக்கு" என்று எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் இன்னொரு வழக்கம் உண்டு. கடைசியில் பி.ஜி.க்களில் ஒருவர் எங்காவது பதிவு செய்த தெரியாத குரல் ஒன்றைக் கொண்டுவந்து போடவேண்டும். நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லவேண்டும். அந்த வாரம் விவேக்கின் முறை. அந்தப் படுபாவி மூன்றாவது பாட்டின் அந்தத் தனி இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். எனக்கு முதல் உறுமலிலேயே தெரிந்துவிட்டது. திரும்பி முறைக்கவும் முடியாது, சீஃப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

சீஃப் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்தது.

"ஆம்பள. அம்பது வயசு இருக்கலாம்" என்றார். "சத்தம் பொய் நாண்லேருந்து வருது. சுத்தமா வருது. காத்து ஒழுகல. மூச்சு வயித்துலேருந்து எடுக்குறாரு. வலி இல்ல. ஆச்சரியமா இருக்கு. எந்த ஆஸ்பத்திரி பேஷண்ட் இவரு?"

"இங்கிலாந்து சார்."

"என்ன கம்ப்ளெயிண்ட்?"

"கம்ப்ளெயிண்ட் ஒண்ணும் இல்ல சார். புது ஆல்பம் போட்டிருக்காரு."

விவேக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"எவ்வளவு நாளாப் பாடுறாரு?"

"இருவது வருஷத்துக்கு மேல இருக்கும் சார்."

"திருப்பிப் போடுங்க."

நான்கு முறை கேட்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். கிளினிக் முடிவதற்கு முன் அவர் நாற்காலி திரும்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரோஸ்லின், அஞ்சலாட்சிக்கு இந்தச் சத்தம் எப்பவாவது வந்துச்சா?"

"வந்துச்சு சார். நிறுத்திட்டேன்."

"மறுபடி வரவழைங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சார், அது வியாதி சார். மத்தவங்களுக்கு நாம எடுத்துவிடுற கொரல இந்தம்மாவுக்கு மட்டும் எப்படிச் சொல்லிக் குடுக்குறது?"

"மத்தவங்களுக்கு அத எடுத்துவிட்டா கீழ நல்ல நாண் இருக்கு. இந்தம்மாவுக்குக் கீழ என்ன இருக்கு?"

வாக்குவாதத்தில் தோற்றால் நான் மேசையைத் துடைப்பேன். துடைத்தேன்.

ஆனால் கண்ணால் பார்க்காமல் நோயாளியிடம் கொண்டுபோகக் கூடாது என்பதில் சீஃப் உறுதியாக இருந்தார். இங்கிலாந்துக்காரனுக்கு ஸ்கோப் விட முடியாது. விவேக்கே நாற்காலியில் உட்கார்ந்தான். மூக்கில் மரத்துப்போகும் மருந்து நனைத்த பஞ்சு வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, சீஃப் மெதுவாக ஸ்கோப்பை இறக்கினார். திரையில் தொண்டை தெரிந்தது. "பாடுங்க" என்றார். விவேக் உறுமினான். பார்த்தால் பயல் உண்மையான நாண்களையே போட்டு நெரித்துக்கொண்டிருக்கிறான்! இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. ஹாஸ்டல் பாத்ரூமில் மாதக்கணக்கில் நடந்த கச்சேரியின் பலன்.

"இது அந்தப் பாட்டுக்காரரு இல்ல. இது தப்பு" என்றார் சீஃப். "அவரு எப்படிச் செய்யிறாருன்னு கேளுங்க."

"யார சார்?"

"அவரையேதான். ஆல்பத்துல விலாசம் இல்லையா?"

பெரிய பாடகனுக்கு எழுதினால் யார் பதில் போடுவார்கள்? ஆனால் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத பேண்டுகளில் ஒரு சௌகரியம், எழுதினால் பாடுகிறவரே பதில் போடுகிறார். நான் கேள்விகளைச் சொன்னேன், விவேக் மின்னஞ்சல் எழுதினான். மூன்றாம் நாள் நீளமாகப் பதில் வந்தது. மனுஷர் பகலில் குழாய் ரிப்பேர் வேலை பார்க்கிறாராம். தொண்டையை இறுக்கவே கூடாது என்று எழுதியிருந்தார். பெருமூச்சு விடுவதுபோல ஆரம்பித்து, கனமான சாமானைத் தூக்கும்போது வருகிற முனகலை மெல்ல அதன் மேல் ஏற்ற வேண்டுமாம். வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இன்னொன்றும் எழுதியிருந்தார், அதைப் படித்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சத்தமே போடுவதில்லையாம். பக்கத்தில் நின்று கேட்டால் சாதாரணப் பேச்சளவுதான் இருக்குமாம். மிச்சமெல்லாம் மைக் செய்கிற வேலை.

விவேக்கின் தொண்டையை ஆறவிட்டோம். சிவப்பு போகும் வரை சீஃப் அவனை வாயே திறக்கவிடவில்லை. டிபார்ட்மெண்டில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு அந்த மின்னஞ்சலில் இருந்தபடியே பழகினான். மறுபடி ஸ்கோப் இறங்கியது. இந்தத் தடவை மேல் மடிப்புகள் மட்டும் மெத்தென்று நெருங்கி அதிர, கீழே நாண்கள் அவை பாட்டுக்கு நிம்மதியாகக் கிடந்தன. சிவப்பு இல்லை. சீஃப் ஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டு, "அவருக்கு நன்றி எழுதுங்க" என்றார்.

அஞ்சலாட்சிக்கு ஆல்பத்தைப் போட்டுக் காட்டியபோது அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னா மீனு விக்கிறான் இவன்? இவ்ளோ கோவமா இருக்கான்!"

விவேக் பயபக்தியோடு விளக்கினான். "அவரு சாவப் பத்திப் பாடுறாரும்மா."

"சாவா?" அஞ்சலாட்சி அட்டையில் இருந்த எலும்புகளைப் பார்த்தார். "அத எதுக்குக் கத்திக் கூப்புடறான், பைத்தியக்காரன். அது தானே வூடு தேடி வருது."

சுனாமிக்குக் கணவனைக் கொடுத்தவர் சொன்னது. விவேக் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனால் அஞ்சலாட்சி அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். பெருமூச்சு, முனகல், உறுமல் என்று படிப்படியாக வந்தது. ஆங்கில வார்த்தை எதுவும் புரியாததால், மூன்றாவது பாட்டின் அந்தத் தனி இடத்தில் அந்த ஆள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, மூச்சு எடுக்கும் இடத்தில் எடுத்து, வார்த்தைக்குப் பதில் மீன் பெயர்களைப் போட்டார். வஞ்சிரம், சங்கரா, பாறை, கவளை. என் அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு ஓ.பி.யில் பாதி பேர் எழுந்து போய்விட்டதாக நர்ஸ் புகார் சொன்னார்.

பங்குனியில் ஒருநாள் முழு வாக்கியம் பேசினார். நான் சந்தோஷத்தில் அதைப் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டினேன். கேட்டார். முகம் மாறியது. கண்ணில் மளமளவென்று தண்ணீர்.

"இது நான் இல்லம்மா. யாரோ ஆம்பள பேசுறான். எம் பொண்ணுங்க இதக் கேட்டா என்னா நெனைக்கும்?"

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வெள்ளி வரவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. சித்திரை பிறந்து தடைக்காலமும் தொடங்கிவிட்டது, அது முடிந்தால் ஏலம் குமாருக்கு. சீஃப் ஒவ்வொரு வாரமும் சுவரைப் பார்த்தபடியே "வந்தாங்களா?" என்பார். "இல்ல சார்" என்பேன்.

மூன்றாவது வாரம் வந்தார். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம். முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு.

"என்னம்மா இது?"

"என்னாத்தச் சொல்றது போங்க! வூட்டுல கதவச் சாத்திக்கிட்டு சும்மா ஒருக்காப் பண்ணிப் பாத்தேன். வெள்ளிக்கெழம சாயங்காலம். எதுத்த வூட்டுக்காரி கேட்டுட்டு, அங்காளம்மன் வந்துட்டாடின்னு கத்திட்டா. தெருவே வந்து நிக்கிது! கற்பூரம் என்னா, வேப்பெல என்னா! கால்ல வுழுறாளுவ!"

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேம்மா! நா ஆத்தா இல்லடி, அஞ்சலாட்சிடின்னு சொன்னேன். அது அந்தக் கொரல்லதான வருது? இன்னும் ஜாஸ்தியா வுழுறாளுவ!"

நான் சிரித்ததில் நாற்காலியே ஆடியது. அவர் சும்மா விடவில்லை.

"ஒருத்தி வந்து, எம் புருசன் குடிய நிறுத்துவானா ஆத்தான்னு கேட்டா. அவனக் கூப்புடுன்னேன். வந்தான். நாளையிலேருந்து குடிச்ச, கடல்ல எறக்கமாட்டேன்னேன். நடுங்கிப்புட்டாம்மா! இப்ப ஒரு வாரமா ஒழுங்கா இருக்கானாம்." சிரிப்பு போய்விட்டது. "இந்த ஆறு மாசமா எம் பேச்ச ஒரு நாயி கேக்கலம்மா. அன்னிக்கித்தான் நாஞ் சொன்னத நாலு பேரு நின்னு கேட்டாங்க. ஆரம்பிங்க. என்னா செய்யணும் சொல்லுங்க."

அதற்கப்புறம் நான் அவரைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை, அவர்தான் என்னை இழுத்தார். மெகாபோனை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்று ஒரு ஏலத்தை முழுதாகப் பிரித்துப் பழகினோம். எந்த வலியும் இல்லை. சீஃப் இரண்டு முறை ஸ்கோப் விட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

தடை முடிந்து கடலுக்குப் போன போட்டுகள் கரைக்கு வந்த முதல் காலை. நானும் விவேக்கும் சீஃபுமாக மூவரும் சிதம்பரத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கடலூர் முதுநகர் போய்ச் சேர்ந்தோம். சீஃப் வருவார் என்று நான் நினைக்கவேயில்லை. அந்த ரப்பர் செருப்போடு மீன் தண்ணீரில் நடந்து வந்தார்.

குமார் மெகாபோனைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். போட்டு ஓனர் பெரியவர் அஞ்சலாட்சியைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"ஒரு கூடைய மட்டும் ஏலம் போட்டுப் பாரு தாயி. அதுக்கு மேல என்னால முடியாது."

அஞ்சலாட்சி குமாரிடம் கையை நீட்டினார். "குடுறா."

அந்தக் குரலைக் கேட்டுப் பையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது, மெகாபோனைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். கூட்டத்தில் யாரோ "ஐயோ, என்னாய்யா இது" என்று சிரித்தார்கள். சீஃபைப் பார்த்தேன். அவர் ஏலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன். பார்க்கத் தைரியம் இல்லாததும் ஒரு காரணம்.

பின்னாலிருந்து வந்தது. ஆழமான, கனத்த, அந்த மூன்றாவது பாட்டுக் குரல். முதல் விலையைக் கூவினார். கூட்டத்தில் அசைவே இல்லை. இரண்டாவது முறை கூவினார். யாரும் ஏற்றிக் கேட்கவில்லை. பிறகு விலையை விட்டுவிட்டு, வியாபாரிகளைச் சீண்டும் தன் பழைய ஏலக் கிண்டலை ஆரம்பித்தார்.

"என்னாய்யா முழிக்கிறீங்க? பொண்ணு பாக்க வந்தவனாட்டம் சுத்திச் சுத்திப் பாக்குற? வஞ்சிரம்டா இது! காபி குடுத்து, பஜ்ஜி குடுத்து, பொண்ணு பாடணுமா ஒனக்கு?"

எங்கள் வலப்பக்கத்தில் ஐஸ் லாரி ஒன்று நின்றது. அதற்கு அந்தப் பக்கம், ஏலம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு வயதான வியாபாரி தன் பெட்டிகளில் ஐஸ் தட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை நனைந்த கைலி, காதில் பீடி. அவர் அங்கே என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐஸைத் தட்டிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்.

"அஞ்சலாட்சி! அந்தக் கூடைய எனக்குப் போடு. நூறு சேத்துக்க."

பெயரைச் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் பெயரைச் சொன்னார். அஞ்சலாட்சிக்கும் அது கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மெகாபோனில் ஒரு மூச்சு நேரம் எதுவும் வரவில்லை. அதற்குள் இன்னொருவர் விலையை ஏற்றினார், அடுத்தவர் அதற்கு மேல் ஏற்றினார், பிறகு வழக்கமான கூச்சல். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சீஃப் கண்ணைத் திறக்காமலே, "காத்து ஒழுகல. வலி இல்ல" என்றார். சத்தம் எங்கேயிருந்து வருது என்ற முதல் கேள்வியை அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

விவேக் தன் போனில் அந்த ஏலத்தைப் பதிவு செய்து, விவரம் எதுவும் எழுதாமல், அந்தக் குழாய் ரிப்பேர்க்காரருக்கு அனுப்பிவைத்தான். இரண்டே வரியில் பதில் வந்தது. இந்த அம்மா எந்த பேண்டில் பாடுகிறார்? ஆல்பம் எப்போது வருகிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை கிளினிக்கில் அதை அஞ்சலாட்சிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்திருந்த எங்கள் முதுகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னார்.

"ஆல்பம்லாம் இல்ல, தெனம் காலைல ஏலந்தான்னு சொல்லுங்க. அவன வந்து கேக்கச் சொல்லுங்க. ஆனா வேடிக்க பாக்குற ஆளுக்கு எடமில்ல. வந்தா மீனு வாங்கணும்."